ஃபார்மலின் பாட்டிலோடு வந்த ஸ்லைடு

போன செப்டம்பரில், மழை பிசுபிசுத்துக்கொண்டிருந்த ஒரு மாலை. பெங்களூர் மர்ஃபி டவுனிலிருந்து ஒரு பெரியவர் ஸ்கூட்டரில் எங்கள் ஆய்வகத்துக்கு வந்தார். ரெயின்கோட்டுக்குள் நெஞ்சோடு அணைத்து வைத்திருந்த துணிப்பையை எடுத்து மேசைமேல் வைத்தார். பைக்குள் ஒரு பாலித்தீன் கவர். கவருக்குள் ஒரு சின்ன பாட்டில். அவருடைய லாப்ரடாரின் பின்தொடையிலிருந்து வெட்டியெடுத்த சுண்டைக்காய் அளவுச் சதைத்துண்டு அதில், சதை அழுகாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் கிடந்தது. பாட்டிலை ஒட்டியே, செய்தித்தாளில் சுற்றி ரப்பர் பேண்ட் போட்ட இரண்டு கண்ணாடி ஸ்லைடுகள். அதே காலின் முட்டிக்குப் பின்னால் வீங்கியிருந்த நெறிக்கட்டியில் ஊசி போட்டு எடுத்தவை அவை.

"ஒண்ணும் சிந்தாம பத்திரமா கொண்டாந்துட்டேம்மா" என்றார்.

உண்மைதான், ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. சதைத்துண்டும் நன்றாகவே இருந்தது. ஆனால் ஸ்லைடுகளுக்குச் சாயம் போட்டுப் பார்த்தபோது செல்கள் எல்லாம் பச்சை கலந்த நீலத்தில், புகைக்குள் இருப்பதுபோல மங்கிக் கிடந்தன. உட்கரு எது, அதைச் சுற்றியிருப்பது எது என்றே பிரித்துப் பார்க்க முடியவில்லை. தொடையில் இருந்தது மாஸ்ட் செல் கட்டி என்ற ஒரு வகைப் புற்றுக்கட்டி என்று சதைத்துண்டு பிற்பாடு சொல்லிவிட்டது. அது நெறிக்கட்டிக்குப் பரவிவிட்டதா என்பதுதான் அடுத்த கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டிய ஸ்லைடுகளைத்தான் ஃபார்மலின் ஆவி கெடுத்துவிட்டது.

அந்தப் பெரியவர்மேல் தவறே இல்லை. இரண்டையும் ஒரே கவரில் போடக்கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. பெங்களூரில் பல கிளினிக்குகளிலிருந்து ஆய்வகத்துக்குச் சாம்பிள் இப்படித்தான் வருகிறது. நாயை வளர்ப்பவரே எடுத்துவருவார், இல்லையென்றால் டெலிவரி பையன் கொண்டுவருவான். அதனால்தான் டாக்டர்களுக்கும் கம்பவுண்டர்களுக்கும் மட்டுமல்லாமல் நாய், பூனை, மாடு வளர்க்கிற எல்லோருக்கும் புரிகிற மாதிரி இதை எழுத நினைத்தேன்.

முதலில் இரண்டு பரிசோதனைகளுக்கும் உள்ள வித்தியாசம். சதையை வெட்டியெடுத்துப் பார்ப்பது பயாப்ஸி. அதில் செல்கள் எப்படி அடுக்கியிருக்கின்றன, கட்டி எதற்குள் ஊடுருவியிருக்கிறது என்று பார்க்கிறோம். ஊசியால் உறிஞ்சியோ, புண்ணின்மேல் ஸ்லைடை ஒற்றியோ செல்களை மட்டும் தனியாக எடுத்துப் பார்ப்பது சைட்டாலஜி. மாடியிலிருந்து தெருவைப் பார்ப்பது ஒன்று, தெருவில் போகிறவரின் முகத்தைக் கிட்டப்போய்ப் பார்ப்பது ஒன்று. இரண்டுக்கும் சாம்பிளைப் பக்குவப்படுத்தும் முறை நேர் எதிர். பயாப்ஸித் துண்டு எடுத்த கையோடு 10 சதவீத ஃபார்மலினில் விழ வேண்டும். துண்டின் அளவைப்போலப் பத்து மடங்கு திரவம் இருக்க வேண்டும். துண்டு ஒரு சென்டிமீட்டரைவிடத் தடிமனாக இருந்தால் நடுப்பகுதிக்கு ஃபார்மலின் போய்ச் சேருவதற்குள் அது அழுகத் தொடங்கிவிடும். சைட்டாலஜி ஸ்லைடோ காற்றில் காய வேண்டும். ஃபார்மலினின் வாடைகூட அதன்மேல் படக்கூடாது.

வாடை என்றால் அந்த வாடையேதான். ஃபார்மலின், செல்லின் புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்துக் கட்டிவிடும். நாங்கள் போடும் சாயத்தில் நீலமும் சிவப்புமாக இரண்டு நிறங்கள் உண்டு. அவை செல்லின் வெவ்வேறு இடங்களில் போய் ஒட்டுவதால்தான் உட்கரு ஊதாவாகவும் சுற்றுப்பகுதி வேறு நிறமாகவும் தெரிகிறது. புரதம் முன்பே பிணைந்துவிட்டால் சாயம் அதனதன் இடத்தில் ஒட்டாது. மூடிய பாட்டிலிலிருந்தும் ஆவி கசியும். பிளாஸ்டிக் ஸ்லைடு பெட்டியும் அதைத் தடுக்காது. ஆக, ஃபார்மலின் பாட்டில் ஒரு பையில், ஸ்லைடு வேறொரு பையில். ஸ்கூட்டரில் வருகிறவர் ஒன்றை முன்பக்கக் கொக்கியில் மாட்டி, இன்னொன்றை சீட்டுக்கு அடியில் வைத்தால் சரி. கிளினிக்கிலும் ஃபார்மலின் டப்பா திறந்திருக்கும் மேசையில் ஸ்லைடைக் காயவைக்க வேண்டாம்.

இப்போது ஊசிக்கு வருவோம். வேலையின் பெரும்பகுதி கெடுவதோ நன்றாக வருவதோ இங்கேதான். பொதுவாக 22 அல்லது 23 கேஜ் ஊசி போதும்; அடிப்பகுதி கறுப்பாக இருந்தால் 22, நீலமாக இருந்தால் 23. அதைவிடத் தடித்த ஊசி போட்டால் ரத்தம்தான் அதிகம் வரும். கட்டி பெரிதாக இருந்தால் நடுவில் குத்தக்கூடாது. நடுப்பகுதி பலசமயம் செத்துப்போயிருக்கும். உயிருள்ள செல்கள் ஓரத்தை ஒட்டித்தான் இருக்கும். இரண்டு மூன்று இடங்களில் எடுப்பது நல்லது. சிரிஞ்சால் உறிஞ்சுகிறவர்கள் ஊசியை வெளியே இழுப்பதற்கு முன் பிஸ்டனை விட்டுவிட வேண்டும். விடாமல் இழுத்தால் ஊசிக்குள் இருந்த கொஞ்சநஞ்சமும் சிரிஞ்சுக்குள் பாய்ந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும். நெறிக்கட்டி மாதிரி மென்மையான இடங்களில் உறிஞ்சவே வேண்டாம். வெறும் ஊசியை உள்ளே வைத்து, மரங்கொத்தி கொத்துவதுபோல ஐந்தாறு தடவை வேகமாக முன்னும் பின்னும் அசைத்தால் செல்கள் தாமாக ஊசித்துளைக்குள் ஏறிவிடும்.

"ஒண்ணுமே வரலையே டாக்டர்?" என்று பக்கத்தில் நிற்பவர்கள் இந்த இடத்தில்தான் கேட்பார்கள். சிரிஞ்சுக்குள் எதுவும் தெரியக்கூடாது, நமக்கு வேண்டியது ஊசித்துளைக்குள் இருப்பது மட்டும்தான். ஊசியைக் கழற்றி, சிரிஞ்சில் காற்றை நிரப்பி, மறுபடி மாட்டி, ஊசிமுனையை ஸ்லைடின்மேல் வைத்து ஒரே தள்ளாகத் தள்ள வேண்டும். கடுகளவு விழுந்தால் போதும். சிரிஞ்சுக்குள் சிவப்பு தெரிந்தால் உடனே நிறுத்திவிட்டு வேறு ஊசியில் வேறு இடத்தில் எடுக்க வேண்டும்.

அடுத்து வரும் பத்து நொடி ரொம்ப முக்கியம். விழுந்த துளியின்மேல் இன்னொரு ஸ்லைடைக் குறுக்காக, கூட்டல் குறிபோல வைக்க வேண்டும். அழுத்தக் கூடாது. மேல் ஸ்லைடின் சொந்தக் கனமே துளியைப் பரப்பிவிடும். பரவியதும் தூக்காமல், வழுக்கி ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். தோசைக்கல்லில் மாவைத் தேய்க்கும்போது கரண்டியை எவ்வளவு லேசாகப் பிடிப்போமோ அவ்வளவு லேசான கை வேண்டும். கை அழுந்தினால் என்ன ஆகும் என்பதை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் மனசு சங்கடப்படும். நெறிக்கட்டியில் இருக்கும் லிம்ஃபோசைட் என்ற வெள்ளணுக்கள் லேசில் உடைபவை. உடைந்துபோய், உட்கருவெல்லாம் ஊதாநிற நூலாக ஒரே திசையில் இழுபட்டுக் கிடக்கும். ஸ்லைடு முழுக்கச் செல்கள் இருந்திருக்கும், படிப்பதற்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது. துளியைப் பரப்பாமல் அப்படியே விட்டாலும் கெடுதல்தான். தடிமனாகக் காய்ந்த துளியில் செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கறுப்பாகத் தெரியும்.

பரப்பியதும் காயவைக்க வேண்டும், அதுவும் வேகமாக. மெதுவாகக் காய்ந்தால் செல் சுருங்கி உருண்டுவிடும், உட்கருவின் நுணுக்கம் தெரியாது. சாதாரண நாளில் கையால் விசிறினாலே போதும். பெங்களூரில் ஜூனிலிருந்து அக்டோபர் வரை காற்றில் ஈரம் அதிகம். அப்போது ஹேர் டிரையரைச் சூடில்லாத காற்றில் வைத்துக் காட்டலாம். நெருப்பில் காட்டக் கூடாது. கட்டியில் எடுத்தது எவ்வளவு நேரமானாலும் காயாமல் எண்ணெய்போல மினுமினுத்தால் அது பெரும்பாலும் கொழுப்புக்கட்டி. சாயம் போடும்போது அந்தக் கொழுப்பு ஆல்கஹாலில் கரைந்து போய்விடும், ஸ்லைடு வெறுமையாகத் தெரியும். அதனால் "ஸ்லைடு எண்ணெய்ப்பசையாக இருந்தது" என்று படிவத்தில் ஒரு வரி எழுதியிருந்தால் எங்களுக்குப் பேருதவி.

காய்ந்த ஸ்லைடுக்கு அப்புறம் ஒரே எதிரிதான், தண்ணீர். காய்ந்த செல்மேல் ஈரம் பட்டால் அது ஊறி வெடித்துவிடும். சாம்பிள் என்றாலே ஐஸில் வைக்க வேண்டும் என்று பலரும் நினைத்து ஸ்லைடையும் ஐஸ் பேக்கோடு அனுப்புகிறார்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த தண்ணீர் பாட்டில் வியர்ப்பதுபோல ஸ்லைடும் வெளியே எடுத்ததும் வியர்க்கும், அந்த வியர்வையிலேயே செல்கள் போய்விடும். ஸ்லைடை அறை வெப்பத்தில் வைத்தே கொண்டுவர வேண்டும். ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஊசி போடும்போது இன்னொரு தொல்லை: தோலில் தடவிய ஜெல் ஊசியோடு ஒட்டிவந்தால், சாயம் போட்டதும் பளீரென்ற ஊதாத் தூளாக ஸ்லைடு முழுக்கப் பரவி எல்லாவற்றையும் மறைத்துவிடும். ஊசி நுழையும் இடத்தில் ஜெல்லைத் துடைத்துவிட்டு ஸ்பிரிட் தடவினால் போதும். கையுறையின் பவுடரும் ஸ்லைடில் விழும். அது ஸ்டார்ச் என்பதால் பழகிய கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும், புதியவர்கள் குழம்பிப்போவார்கள்.

சாயத்தைப் பற்றி ஒரு சின்ன கிளைக்கதை. இந்திய ஆய்வகங்களில் இன்றும் நிறையப் பயன்படுவது லீஷ்மன் சாயம். வில்லியம் லீஷ்மன் என்ற பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர் 1901-இல் வெளியிட்டது. கல்கத்தாவை அடுத்த டம்டம்மில் காய்ச்சல் கண்டு பிறகு இறந்துபோன ஒரு சிப்பாயின் மண்ணீரலில் காலா-அசார் என்ற காய்ச்சல் நோயின் கிருமியைக் கண்டு, 1903-இல் எழுதியவரும் அவர்தான். இந்தச் சாயத்திலேயே மெத்தனால் இருப்பதால் அது செல்லை ஸ்லைடோடு பிடித்துவைத்து, கூடவே நிறமும் ஏற்றிவிடுகிறது. கிளினிக்கில் மூன்று டப்பாக்களில் முக்கியெடுக்கும் வேகச் சாயம் அவசரத்துக்கு நல்லதுதான். ஆனால் மாஸ்ட் செல் கட்டியின் அடையாளமே செல்லுக்குள் நிறைந்திருக்கும் ஊதாத் துகள்கள். வேகச் சாயத்தில் சிலசமயம் அந்தத் துகள்கள் நிறமேறுவதில்லை. அந்த லாப்ரடார் மாதிரி நாயின் ஸ்லைடை வேகச் சாயத்தில் மட்டும் பார்த்தால் ஏமாறும் வாய்ப்பு உண்டு. எல்லா ஸ்லைடுக்கும் கிளினிக்கிலேயே சாயம் போட்டு முடித்துவிடாமல் நான்கைந்து ஸ்லைடு எடுத்து, பாதியைச் சாயமில்லாமல் அனுப்பச் சொல்வது இதற்காகத்தான்.

வயிற்றிலோ நெஞ்சிலோ கோர்த்த நீர் என்றால் கதையே வேறு. குழாயில் இருக்கும் நீருக்குள் செல்கள் கொஞ்ச நேரத்திலேயே சிதையத் தொடங்கும். எனவே எடுத்த இடத்திலேயே ஒரு துளியை ஸ்லைடில் இழுத்துக் காயவைத்துவிட வேண்டும். மீதி நீரில் ஒரு பங்கு ஊதா மூடிக் குழாயில், செல் எண்ணிக்கைக்கு. ஒரு பங்கு கிருமி நீக்கிய வெறும் குழாயில், பாக்டீரியாவை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு. ஊதா மூடிக் குழாயில் உள்ள மருந்து பாக்டீரியா வளர்வதைத் தடுக்கும் என்பதால் கல்ச்சருக்கு அது ஆகாது. குழாய்களை ஐஸ் பேக்கோடு அனுப்பலாம், அனுப்பவும் வேண்டும். அதன் கூடவே போகும் ஸ்லைடை மட்டும் தனியாக, குளிர் படாமல் வைக்க வேண்டும். மூளைத் தண்டுவட நீரில் புரதம் மிகக் குறைவு, அதில் செல்கள் ஒரு மணி நேரம்கூடத் தாங்குவதில்லை. அதை எடுப்பதற்கு முன்பே ஆய்வகத்துக்கு போன் செய்துவிடுவது நல்லது. சிறுநீருக்கும் தாமதம் ஆகாது. மாலை ஆறு மணிக்கு எடுத்துவிட்டு ஹெப்பாள் மேம்பாலத்தில் மாட்டிக்கொண்டால் செல்களை நம்ப முடியாது.

ரத்தம் எடுக்கும்போதும் ஒரு ஸ்லைடு அங்கேயே இழுத்துவிடுங்கள் என்று நான் எல்லா கிளினிக்குக்கும் சொல்வதுண்டு. குழாயில் பல மணி நேரம் கிடந்த ரத்தத்தில் வெள்ளணுக்கள் உருமாறும், தட்டணுக்கள் கட்டிகட்டியாகச் சேரும். உண்ணிக் காய்ச்சல் சந்தேகம் என்றால், காதுமடல் ஓரத்தில் லேசாகக் குத்தி எடுத்த துளியில் பேபீசியா கிருமி கண்ணில் படும் வாய்ப்பு அதிகம். எர்லிகியா என்ற இன்னொரு உண்ணிக் கிருமியை அப்படிப் பிடிப்பது அரிது. ஸ்லைடில் காணவில்லை என்பதற்காக அது இல்லை என்று சொல்லிவிட முடியாது, பிசிஆர் பரிசோதனைக்குப் போக வேண்டும்.

அல்சூர் சந்துகளில் மாடு வைத்திருந்தவர்களை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். கலப்பினப் பசுவுக்குக் கடும் காய்ச்சல், தோள்பட்டைக்கு முன்னால் நெறி கட்டியிருக்கிறது, உடம்பில் உண்ணி என்றால் உண்ணியால் பரவும் தைலேரியா நோய் என்று சந்தேகப்பட வேண்டும். அந்த நெறிக்கட்டியில் ஊசி போட்டு ஒரு ஸ்லைடு எடுத்தால், லிம்ஃபோசைட்டுகளுக்குள் கோக் நீல உருண்டைகள் என்று நாங்கள் சொல்லும் கிருமிக் கொத்துகள் தெரியும். தெரிந்த அன்றே புபார்வாகுவோன் ஊசியைத் தொடங்கலாம். நாள் தள்ளத் தள்ள மாட்டைக் காப்பாற்றுவது கடினமாகிவிடும்.

தெருநாய்களுக்குச் சோறு போடுகிறவர்கள் அறிந்துகொள்ள வேண்டியது ஒன்று. பிறப்புறுப்பிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டு, காலிஃப்ளவர் மாதிரிக் கட்டியோடு திரியும் நாயைப் பார்த்ததும் பலர் "புற்று, இனி ஒன்றும் செய்ய முடியாது" என்று விட்டுவிடுகிறார்கள். அது பெரும்பாலும் இனச்சேர்க்கையால் தொற்றும் டிவிடி (TVT) என்னும் கட்டி. கட்டியைத் துடைத்துவிட்டு அதன்மேல் ஒரு ஸ்லைடை ஒற்றியெடுத்தாலே வட்ட வட்டச் செல்களும் அவற்றின் ஓரத்தில் முத்துக் கோத்ததுபோல வெள்ளைக் குமிழிகளும் தெரியும். வாரம் ஒரு வின்கிரிஸ்டின் என்ற புற்று மருந்து ஊசி, பொதுவாக நான்கிலிருந்து ஆறு வாரம். பெரும்பாலான நாய்கள் முழுதாகக் குணமாகிவிடும். ஒரு கண்ணாடித் துண்டில் ஒற்றியெடுத்த சாம்பிள் ஒரு உயிரையே மீட்டுத் தருகிறது. இந்தப் பரிசோதனைமேல் எனக்கு இவ்வளவு பிரியம் வந்ததே அதனால்தான்.

சில சாம்பிள்களை நாம் எடுக்கவே கூடாது. வெறிநோய் சந்தேகத்தோடு செத்த நாயின் மூளைத் திசுவை, தடுப்பூசி போட்டுக்கொண்ட, பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே எடுக்க வேண்டும். அதை ஃபார்மலினில் போடாமல் ஐஸில் வைத்து அனுப்ப வேண்டும். அதற்கான ஆய்வகம் ஹெப்பாள் கால்நடை மருத்துவக் கல்லூரியிலேயே இருக்கிறது. திடீரென்று செத்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத ரத்தம் கசியும் மாட்டை அறுத்துப் பார்க்கவே கூடாது, அடைப்பானாக (ஆந்த்ராக்ஸ்) இருக்கலாம். அரசு கால்நடை மருத்துவருக்குத் தகவல் சொன்னால் காதிலிருந்து ஒரு துளி ரத்தத்தை அவரே எடுத்து அனுப்புவார். மாட்டு நோய்களுக்கான தென்மண்டல நோயறி ஆய்வகமும் அதே ஹெப்பாளில்தான் இருக்கிறது.

கடைசியாகப் பெயரும் படிவமும். ஸ்லைடின் ஒரு முனை சொரசொரப்பாக இருக்கும். அதில் பென்சிலால் எழுத வேண்டும். மார்க்கர் மை மெத்தனாலில் கரைந்து ஓடிவிடும். எங்களுக்கு ஒரே நாளில் மூன்று பிரௌனி வந்ததுண்டு, அதனால் நாயின் பெயரோடு உரிமையாளர் பெயரும், எடுத்த இடமும், தேதியும் வேண்டும். படிவத்தில் "கட்டி" என்று ஒரே சொல்லில் முடித்துவிடாதீர்கள். எந்தக் கால், உள்பக்கமா வெளிப்பக்கமா, எத்தனை சென்டிமீட்டர், எத்தனை நாளாக, புண்ணாகியிருக்கிறதா, ஊசியால் எடுத்ததா ஒற்றியெடுத்ததா, நாய்க்கு என்ன வயது, கருத்தடை ஆகியிருக்கிறதா எல்லாம் எழுத வேண்டும். ஸ்டீராய்டு கொடுத்திருந்தால் அதைக் கட்டாயம் எழுத வேண்டும். லிம்ஃபோமா என்ற நெறிக்கட்டிப் புற்றும் மாஸ்ட் செல் கட்டியும் ஸ்டீராய்டில் தற்காலிகமாகச் சுருங்கிவிடும். அந்த நேரத்தில் எடுத்த ஸ்லைடு நம்மைத் திசைதிருப்பிவிடும். சாம்பிள் எடுத்த பிறகே மாத்திரையைத் தொடங்கும்படி டாக்டரிடம் கேட்பதில் தவறில்லை.

அந்தப் பெரியவரின் நாய்க்கு நல்லவேளையாக ஸ்டீராய்டு இன்னும் தொடங்கியிருக்கவில்லை. நான் அவருடைய டாக்டருக்கு போன் செய்து நடந்ததைச் சொன்னேன். நான்கு நாள் கழித்து, மறுபடி நெறிக்கட்டியில் ஊசி போட்டு எடுத்த ஐந்து ஸ்லைடுகளைப் பெரியவர் பிளாஸ்டிக் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார். "இந்தத் தடவ வேற எதுவும் கூட வைக்கலம்மா" என்று பையை விரித்துக் காட்டினார். லீஷ்மன் போட்டதும் லிம்ஃபோசைட்டுகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக, விளிம்பு தெளிவாகத் தெரிந்தன. மாஸ்ட் செல் அங்கொன்றும் இங்கொன்றும் இருந்தது. சாதாரண நெறிக்கட்டியிலும் அப்படி ஒன்றிரண்டு இருக்கும். கூட்டமாக எங்கேயும் இல்லை. எங்கள் மருத்துவர் ஐந்து ஸ்லைடையும் ஓரம்வரை தேடிப் பார்த்த பிறகே, பரவிய அடையாளம் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பெரியவர் தானும் பார்க்கலாமா என்று கேட்டார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். ஃபோகஸைச் சரிசெய்துகொடுத்தேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. "இவ்ளோ அழகா இருக்கேம்மா" என்றார் அப்புறம்.